தாய்ப்பால் இனிப்பது சர்க்கரை நோயாலா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கர்ப்ப காலச் சர்க்கரையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிரசவத்திற்குப் பிந்தைய நாட்களைப் பற்றியே கேட்கின்றன. ஒரே சந்தேகத்தைப் பலர் எழுப்பியிருப்பதால், அவற்றுள் ஏழு கடிதங்களைச் சுருக்கி இங்கே தந்திருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகி: கர்ப்பத்தின் போது எனக்குச் சர்க்கரை இருந்ததால் இரண்டு மாதம் இன்சுலின் போட்டுக்கொண்டேன். இப்போது குழந்தைக்கு நாற்பது நாள். சென்ற வாரம் பூவன்பழம் ஒன்றை உரித்துத் தின்ற கையோடு வீட்டு மீட்டரில் குத்திப் பார்த்தபோது 190 காட்டியது. பக்கத்தில் இருந்த என் அம்மிச்சி, பால் ஒரு துளியை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இனிக்குது பாரு கண்ணு, சக்கரை பால்ல எறங்கிருச்சு" என்றார். பயந்துபோய் அன்று முழுவதும் பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றிவிட்டேன். நான் செய்தது சரியா?

பதில்: நீங்கள் ஊற்றியது நல்ல பால். அம்மிச்சி சொன்னதில் முதல் பாதி உண்மை. தாய்ப்பால் இனிக்கத்தான் செய்யும். சர்க்கரை நோய் என்னவென்றே அறியாத தாயின் பாலும் அதே இனிப்புத்தான். அவர் தம் வாழ்நாளில் வேறு எந்தத் தாயின் பாலையும் இப்படிச் சுவைத்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பதால், ஒப்பிட வழியில்லாமல் போய்விட்டது.

கணக்கைப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். நலமாக உள்ள ஒருவரின் 100 மில்லி ரத்தத்தில், வெறும் வயிற்றில், 70 முதல் 100 மில்லிகிராம் வரை குளுக்கோஸ் இருக்கும். 100 மில்லி தாய்ப்பாலிலோ ஏறத்தாழ 7 கிராம், அதாவது 7,000 மில்லிகிராம், லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை இருக்கிறது. ரத்தத்தில் உள்ளதைப் போல எழுபது மடங்கு. ரத்தச் சர்க்கரை வடிகட்டியில் இறங்குவது போலப் பாலில் இறங்குவதாக இருந்தால், எந்தத் தாயின் பாலும் இந்த இனிப்பை எட்டவே முடியாது. மார்பிலுள்ள பால் சுரக்கும் செல்கள் ரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்து, அதில் ஒரு பகுதியை காலக்டோஸாக மாற்றி, இரண்டையும் இணைத்து லாக்டோஸைத் தாமே உருவாக்குகின்றன.

ஈரோட்டுப் பக்கம் தறி ஓட்டுபவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். கிடங்கில் நூல் எத்தனை மூட்டை குவிந்து கிடந்தாலும் தறி தன் வேகத்தில்தான் நெய்யும்; நூல் அதிகம் இருக்கிறது என்பதற்காகத் துணி தடிமனாகிவிடாது. மார்பின் செல்களும் அப்படித்தான். மேலும், உருவான லாக்டோஸ் தன்னோடு தண்ணீரை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. ஆகவே லாக்டோஸ் கூடுதலாக உருவானால் பாலின் அளவு பெருகுமே ஒழிய இனிப்பு கூடாது. தாய்ப்பாலின் இனிப்பு நாளுக்கு நாள் பெரிதாக மாறாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

லாக்டோஸாக மாறாத குளுக்கோஸும் பாலில் சிறிது உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது 100 மில்லிக்கு 30 மில்லிகிராம் அளவில் இருக்கும். தாயின் சர்க்கரை கட்டுப்பாடின்றி இருந்தால் இதுவும் கொஞ்சம் உயரக்கூடும். இரண்டு மடங்கே ஆனாலும், 7,000 மில்லிகிராமுக்கு முன்னால் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதை நாக்கினால் கண்டுபிடிக்க முடியாது; அதனால் குழந்தைக்குச் சர்க்கரை நோய் வந்துவிடாது.

அந்த 190-க்கு வருவோம். பழம் உரித்த விரலைக் கழுவினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விரல் நுனியில் ஒட்டியிருக்கும் பழச்சாறு, குத்தி எடுக்கும் சிறு துளி ரத்தத்தோடு கலந்தால் மீட்டர் தாறுமாறாகக் காட்டும். சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் பாருங்கள். அப்போதும் உயர்ந்தே இருந்தால் மருத்துவரைப் பார்ப்பது அவசியம், ஆனால் அது பாலுக்காக அல்ல, உங்களுக்காக. சர்க்கரை தொடர்ந்து உயர்ந்திருக்கும் தாய்மாருக்கு மார்பில் சீழ்த் தொற்றும், காம்பில் பூஞ்சைத் தொற்றும் வரும் வாய்ப்பு அதிகம்.

கரூரிலிருந்து ஓர் ஓய்வு பெற்ற ஆசிரியர்: 1979-இல் என் மனைவி எங்கள் மூத்த மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது, சிறுநீரை நீல நிற மருந்தோடு சேர்த்துக் கொதிக்க வைத்தார்கள். அது பச்சையாகி, பிறகு மஞ்சளானது. சர்க்கரை நோய் என்று சொல்லி அரிசியை நிறுத்தினார்கள். ஒரு மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஒன்றுமே இல்லை. அன்று நடந்தது என்ன?

பதில்: அந்த நீல மருந்து பெனடிக்ட் கரைசல். சோதனைக் குழாயில் 5 மில்லி கரைசல் எடுத்து, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டு, கொதிக்க வைத்து நிறம் பார்க்கும் முறை. சர்க்கரையின் அளவு கூடக்கூட நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் என்று மாறிக்கொண்டே போகும். குளுக்கோஸுக்கும் லாக்டோஸுக்கும் வேற்றுமை பார்க்க அதற்குத் தெரியாது என்பதே அதன் குறை. பால் கட்டிக்கொண்டிருக்கும் தாயின் மார்பிலிருந்து லாக்டோஸ் சிறிதளவு ரத்தத்திற்குத் திரும்பி, சிறுநீரகம் வழியாக வெளியேறுவது இயல்பான ஒன்று. உங்கள் மனைவிக்கு அன்று குழாயில் நிறம் காட்டியது பெரும்பாலும் அவருடைய பாலின் சர்க்கரையாகவே இருந்திருக்க வேண்டும். நோயின் சர்க்கரை அல்ல. இப்போதைய சிறுநீர்ப் பட்டைகளில் உள்ள நொதி குளுக்கோஸை மட்டுமே பிடிக்கும் என்பதால் அந்தக் குழப்பம் தீர்ந்துவிட்டது. பச்சை உடம்புக்காரியை ஒரு மாதம் சோறில்லாமல் வைத்திருந்ததை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது.

தாராபுரத்திலிருந்து ஒரு வாசகி: எனக்குப் பள்ளிக்கூட வயதிலிருந்தே முதல் வகை நீரிழிவு. நாள்தோறும் நான்கு முறை இன்சுலின் போடுகிறேன். குழந்தைக்கு மூன்று மாதம். நள்ளிரவு இரண்டு மணிக்குப் பால் கொடுக்கும்போது கை நடுங்கி, வேர்த்துக் கொட்டுகிறது. ஒரு நாள் மீட்டர் 58 காட்டியது. குழந்தை என் சர்க்கரையை உறிஞ்சி எடுக்கிறதா? அந்த நேரத்துப் பாலில் சத்துக் குறையுமா?

பதில்: நீங்கள் கேட்டது விளையாட்டாகத் தோன்றினாலும் சொல்லுக்குச் சொல் உண்மை. மூன்று மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் தாய்க்கு நாளொன்றுக்கு 750 முதல் 800 மில்லி பால் சுரக்கிறது. அதிலுள்ள லாக்டோஸ் மட்டும் 50 கிராமுக்கு மேல். தேக்கரண்டியில் அளந்தால் பன்னிரண்டு கரண்டிச் சர்க்கரைக்குச் சமம். அதற்கான குளுக்கோஸ் உங்கள் ரத்தத்திலிருந்துதான் போக வேண்டும். மார்பின் செல்கள் இன்சுலினுக்காகக் காத்திராமல் குளுக்கோஸை எடுத்துக்கொள்ளக் கூடியவை. கர்ப்பத்தில் இன்சுலினை எதிர்த்து நின்ற நஞ்சுக்கொடியின் ஹார்மோன்களும் பிரசவத்தோடு போய்விட்டன. இவ்விரண்டும் சேர்ந்துதான் கர்ப்பத்திற்கு முன்பு போட்ட அளவு இன்சுலின்கூட இப்போது உங்களுக்கு அதிகமாகிறது. இரவு நேர இன்சுலினை எவ்வளவு குறைப்பது என்பதை, ஒரு வாரத்து மீட்டர் எண்களை நோட்டில் எழுதிக்கொண்டு போய் உங்கள் மருத்துவரிடம் காட்டி முடிவு செய்யுங்கள். அதற்காக அடுத்த மாதச் சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம்.

நடுக்கம் வந்துவிட்டால் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் நீங்கள், பிறகுதான் குழந்தை. குழந்தையைக் கணவரிடம் கொடுங்கள். அவர் அயர்ந்து தூங்கினால் பக்கத்தில் பாயில் மல்லாக்கக் கிடத்துங்கள். கால் மணி நேரம் அழுதால் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது. மயக்கத்தில் தாயின் கை தளர்ந்தால் ஆபத்து. மீட்டர் 70-க்குக் கீழே காட்டினால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் பாருங்கள்; ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். கடலை மிட்டாயும் சாக்லேட்டும் இந்த வேளைக்கு உதவா. அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். இரவுக்கு வேண்டியதை மாலையிலேயே தலைமாட்டில் வைத்துவிட வேண்டும்: மூடி போட்ட டம்ளரில் தண்ணீர், சர்க்கரை டப்பா, மீட்டர், ஒரு கிண்ணம் பொட்டுக்கடலை. சர்க்கரை சரியாக இருக்கும் இரவுகளிலும் பால் கொடுக்க உட்காரும் முன் பொட்டுக்கடலை ஒரு கைப்பிடியோ, ஒரு டம்ளர் பாலோ எடுத்துக்கொள்வது நல்லது.

பாலின் சத்தைப் பற்றிய கவலை வேண்டாம். சற்று நேரம் சர்க்கரை தாழ்ந்ததால் பாலில் லாக்டோஸ் இல்லாமல் போவதில்லை. நடுக்கத்தோடு கூடச் சுரக்கும் அட்ரினலின் பால் இறங்குவதைச் சிறிது நேரம் தடுக்கலாம் என்பதால், அந்த வேளையில் குழந்தை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு எரிச்சலோடு அழக்கூடும். நீங்கள் தேறியதும் பால் தானாக இறங்கிவிடும்.

இன்னொன்று. உடல் எடையைக் குறைக்க வேண்டும் என்று மாவுச்சத்தை அறவே விலக்கும் உணவு முறைகளை இப்போது தொடாதீர்கள். பாலுக்காகக் குளுக்கோஸ் போய்க்கொண்டே இருக்கும் உடம்பில் மாவுச்சத்தும் நின்றுவிட்டால், கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலங்கள் ரத்தத்தில் தேங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் ஆறு மாதம் பால் கொடுக்கும் தாய்க்கு நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை.

பெருந்துறையிலிருந்து ஒரு வாசகர்: என் மனைவிக்குச் சர்க்கரை இருக்கிறது. பால் ஊற வேண்டும் என்று என் அம்மா கருப்பட்டி போட்டு லேகியம் கிளறிக் கொடுக்கிறார். "வெள்ளைச் சக்கரைதான் ஆகாது, நாட்டுச் சக்கரையும் கருப்பட்டியும் ஒண்ணும் பண்ணாதுங்க" என்கிறார். தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும் என்று அரை டம்ளருக்கு மேல் கொடுப்பதில்லை.

பதில்: கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை பழனிப் பஞ்சாமிர்தத்திற்கே போகிறது, அதன் மணத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கரும்பில் காய்ச்சியதானாலும் பனையில் காய்ச்சியதானாலும் அதில் பெரும்பங்கு சுக்ரோஸ்தான், வெள்ளைச் சர்க்கரையில் இருப்பதும் அதுவே. நிறம் எதுவாக இருந்தாலும் மீட்டர் ஒரே மாதிரிதான் ஏறும். லேகியத்தில் உள்ள சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் ஆகியவற்றை அம்மா கஷாயமாகவோ செலவு ரசமாகவோ வைத்துக் கொடுக்கலாம். கருப்பட்டியைத்தான் விட வேண்டும். வெந்தயத்தை மட்டும் அளவோடு சேர்க்கச் சொல்லுங்கள். நிறையச் சாப்பிட்டால் அது ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும், இன்சுலின் போடுபவருக்கு அது கணக்கைக் குலைத்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் நான் அம்மாவின் பக்கம் நிற்க முடியாது. பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். சர்க்கரை உயர்ந்த உடம்பு சிறுநீர் வழியாகவும் தண்ணீரை இழக்கிறது. தாகம் எடுக்கும்போதெல்லாம் உங்கள் மனைவி வயிறாரக் குடிக்கட்டும். வெறும் ரசச் சோற்றை மூன்று வேளையும் போடும் பத்தியமும் அவருக்கு ஏற்றதல்ல, ஏனென்றால் அதில் மாவுச்சத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. சோற்றைக் குறைத்து, கொள்ளுப் பருப்பு, பாசிப்பயறு, முட்டை, முருங்கைக்கீரை, பூண்டுக் குழம்பு என்று கூட்டுங்கள். ராகிக் களியும் அளவோடுதான். அது சர்க்கரையை ஏற்றாது என்பது தவறான எண்ணம்.

பொள்ளாச்சியிலிருந்து, எட்டு மாதக் கர்ப்பிணியான வாசகி: சர்க்கரை உள்ள தாயின் குழந்தைக்குப் பிறந்ததும் சர்க்கரை குறையும் என்கிறார்கள். தாய்க்குக் கூடுதலாக இருந்தால் குழந்தைக்கு எப்படிக் குறையும்? எங்கள் வீட்டில் பிறந்தவுடன் சீனித் தண்ணீர் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் உண்டு, அது போதாதா?

பதில்: கருவறையில் தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது, இன்சுலின் போவதில்லை. வரும் மிகுதியான சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் தானே அதிக இன்சுலினைச் சுரந்து பழகிவிடுகிறது. தொப்புள் கொடியை வெட்டிய நொடியில் சர்க்கரை வரத்து நின்றுவிடும். சுரந்த இன்சுலினோ அப்படியே இருக்கும். அதனால்தான் முதல் சில மணி நேரங்களில் குழந்தையின் சர்க்கரை தாழ்கிறது, குதிகாலில் குத்தி ரத்தம் பார்க்கிறார்கள். அதற்கு நீங்கள் பயப்பட வேண்டாம், தடுக்கவும் வேண்டாம்.

இதற்கு முதல் மருந்து சீம்பால். பிறந்த ஒரு மணி நேரத்திற்குள், குழந்தையைத் துணி போர்த்தாமல் உங்கள் மார்போடு அணைத்துப் பால் கொடுக்கத் தொடங்கி, பிறகு இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒரு முறை தொடருங்கள். சீனித் தண்ணீர் சட்டென்று ஏற்றிச் சட்டென்று இறக்கிவிடும். குழந்தையின் சிறு வயிற்றையும் அது நிறைத்து, பால் குடிக்க விடாது. தேன் தொட்டு வைப்பது அதைவிடக் கேடு, ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. பால் கொடுத்தும் சர்க்கரை ஏறவில்லை என்றால் மருத்துவர் குளுக்கோஸ் ஏற்றுவார். அது ஓரிரு நாள் ஏற்பாடு.

பால் கட்டுவதற்குச் சாதாரணமாக இரண்டு மூன்று நாள் ஆகும். சர்க்கரை உள்ள தாய்மாருக்கு அதற்கு மேலும் ஒரு நாள் ஆகலாம், ஏனென்றால் பால் சுரக்கும் செல்கள் முழு வேகத்தில் இயங்க இன்சுலினின் துணையும் தேவை. அறுவைப் பிரசவமானால் இன்னும் சற்றுத் தாமதமாகலாம். உறவினர் கூட்டம் கட்டிலைச் சுற்றி நின்று "பால் இல்லை" என்று தீர்ப்புச் சொல்வது அந்த ஒரு நாளில்தான். அப்போது புட்டிக்குப் போகாமல், கையால் பீய்ச்சிய சீம்பாலைப் பாலாடையில் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஆஸ்திரேலியாவில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், வேறு சிக்கல் இல்லாத சர்க்கரைக் கர்ப்பிணிகள் 36-ஆம் வாரத்திலிருந்தே சீம்பாலைக் கையால் பீய்ச்சிச் சேமித்ததால் குழந்தைக்குத் தீங்கு நேரவில்லை என்று தெரியவந்தது. உங்களுக்கு அது பொருந்துமா என்பதை மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

திருப்பூரிலிருந்து, பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் வாசகி: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறேன். பாலில் கலக்குமா?

பதில்: கலக்கும், ஆனால் தாய் உட்கொள்ளும் அளவை உடல் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டால், குழந்தைக்குப் போவது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பால் கொடுக்கும்போது அதைச் சாப்பிடலாம். இன்சுலின் பாலில் இயல்பாகவே உள்ள பொருள்தான், குழந்தைக்குத் தீங்கில்லை. புதிதாக வந்துள்ள மாத்திரைகளையும் எடை குறைக்கும் ஊசிகளையும் இந்தக் காலத்தில் தவிர்ப்பது நலம். வேலை நேரத்தில் பாலைப் பீய்ச்சாமல் கட்ட விடாதீர்கள்.

அவினாசியிலிருந்து ஒரு வாசகி: பிரசவமானதும் சர்க்கரை சரியாகிவிட்டது என்றார்கள். இனிச் சோதனை வேண்டாம் அல்லவா? பால் கொடுத்தால் சர்க்கரை வராது என்பது மெய்யா?

பதில்: வேண்டும். கர்ப்பத்தில் உங்களுக்குச் செய்த சோதனை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 140-ஐத் தொடுகிறதா என்று பார்ப்பது, சாப்பிட்டிருந்தாலும் செய்யலாம். சென்னையின் டாக்டர் வி. சேஷையா முன்னின்று பரப்பிய முறை அது. அவர் பிறந்த மார்ச் 10-ஆம் தேதியைத்தான் கர்ப்ப கால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக நாடெங்கும் கடைப்பிடிக்கிறார்கள். பிரசவமாகி ஆறு வாரம் கழித்துச் செய்வதற்கு வெறும் வயிற்றோடு போக வேண்டும். வெறும் வயிற்றில் 126-உம் அதற்கு மேலும், அல்லது இரண்டு மணி நேரத்தில் 200-உம் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு. இரண்டு மணி நேர அளவு 140-க்கும் 199-க்கும் இடையில் இருந்தால் நீரிழிவின் வாசற்படி. எல்லாம் சரியாக இருந்தாலும் ஆண்டுக்கொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பால் கொடுத்தால் வரவே வராது என்று சொல்ல முடியாது. வாய்ப்பு நன்றாகக் குறைகிறது. அமெரிக்கப் பெண்களை 30 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பாலே கொடுக்காதவர்களைவிட, பெற்ற குழந்தைகள் எல்லோருக்கும் கொடுத்த காலத்தைக் கூட்டி ஆறு மாதமோ அதற்கு மேலோ கொடுத்தவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு 47 சதவீதம் குறைவாக வந்திருந்தது. சோதனை நாளன்று குழந்தையைக் கூடவே அழைத்துப் போங்கள். இரண்டு மணி நேரம் காத்திருக்கும்போது பசித்து அழுதால் தயங்காமல் பால் கொடுக்கலாம்.